மோட்டார் சைக்கிள் ஓட மறுத்தால்: வீட்டிலேயே கோளாறு கண்டறியும் முறைகள்

உழவர் இல்லங்களில் ஏர், மண்வெட்டி, தெளிப்பான் ஆகியவற்றோடு மோட்டார் சைக்கிளும் இன்று ஒரு பண்ணைக் கருவியாகவே ஆகிவிட்டது. விடியுமுன் பால் கேனைச் சங்கத்திற்குக் கொண்டு செல்வதும், 45 கிலோ யூரியா மூட்டையை வரப்பு வரை ஏற்றிச் செல்வதும் அதன் வேலைதான். பறித்த மல்லிகை சந்தைக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போனால் அன்றைய விலை கைக்கு வராது. ஆகவே வண்டி நடுவழியில் நிற்பதென்பது வெறும் தொல்லையன்று. அது நட்டக் கணக்கில் சேர வேண்டிய ஒன்றாகும்.

ஹீரோ ஹோண்டா சிடி 100 வண்டி 1985ஆம் ஆண்டு நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அப்போது தொடங்கி, 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வரும் வரை விற்பனையான 100 சி.சி. வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் கொண்டவையே. சிற்றூர்களில் இவ்வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் கோளாறுகளில் பெரும்பகுதியைப் பிளக் ஸ்பேனர், திருப்புளி, குறடு, 8, 10, 12 எண் ஸ்பேனர்கள், சைக்கிள் பம்பு, ஒரு கண்ணாடிப் பாட்டில் ஆகியவற்றைக் கொண்டே வீட்டில் கண்டறிய இயலும்.

ஆனால் வண்டி நின்றவுடன் கார்புரேட்டரைக் கழற்றும் பழக்கம் நம்மிடையே உள்ளது. இலை மஞ்சளானதைப் பார்த்தவுடன், தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, வேரில் நீர் தேங்கியதா என்று ஆராயாமல் யூரியாவை அள்ளி இறைப்பதைப் போன்றது இது. கார்புரேட்டர் கடைசியாகத் திறக்க வேண்டிய பகுதி. அதற்கு முன் ஆராய வேண்டியவை பல உண்டு.

எஞ்சினுக்கு வேண்டிய மூன்று

எஞ்சின் ஓட மூன்று தேவை. தக்க அளவில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, அதைப் பற்றவைக்கும் தீப்பொறி, கலவையை அழுத்தும் அமுக்கம் ஆகியவையே அவை. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். இந்தக் கணக்கை நினைவில் கொண்டால் ஏர் பில்ட்டரின் அருமை விளங்கும்.

வண்டி கிளம்பாவிட்டால் முதலில் சாவி, கைப்பிடியில் உள்ள எஞ்சின் நிறுத்தும் சுவிட்சு, பெட்ரோல் டேப், பிளக் மூடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் வண்டியின் மீது ஏறி விளையாடும் வீடுகளில் அந்தச் சுவிட்சுதான் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம்! அதன்பின் பத்து முறை கிக்கரை உதைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்க்கவும். நுனி காய்ந்து, பெட்ரோல் வாசனையே இல்லாதிருந்தால் பெட்ரோல் எஞ்சினுக்கு வரவில்லை என்று கொள்ளலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது. தீப்பொறியில்தான் குறை இருக்கும், அல்லது பெட்ரோல் மிகுதியாக வந்து எஞ்சினை மூழ்கடித்திருக்கும். இந்த ஒரு சோதனை தேடும் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பெட்ரோல் வராவிட்டால்

பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இணைந்துள்ள ரப்பர் டியூபைக் கழற்றிக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு, டேப்பைத் திறக்கவும். அரை நிமிடம் வரை பெட்ரோல் ஒரே சீராக வழிய வேண்டும். (எஞ்சின் சுழலும்போது மட்டும் திறக்கும் வகை டேப் சில வண்டிகளில் உண்டு, அவற்றிற்கு இச்சோதனை பொருந்தாது.) தொடக்கத்திலேயே சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் வடிகட்டியில் துரு அடைத்திருக்கும். முதலில் நன்றாக வந்து பிறகு மெலிந்தால் டேங்க் மூடியைத் திறந்து பார்க்கவும். திறந்தவுடன் "உஸ்" என்று காற்று உள்ளே போய், பெட்ரோல் மீண்டும் வேகமாக வழிந்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது என்பது பொருள்.

இக்கோளாறு பலரை ஏமாற்றிவிடும். இரண்டு மூன்று கிலோமீட்டர் நன்றாக ஓடி, வண்டி நின்றுவிடும். கால் மணி நேரம் நிறுத்திவைத்தால் தானாகவே கிளம்பும். ஒரு கிராமப் பயிற்சி முகாமுக்கு வந்த விவசாயி ஒருவர், இதே குறைக்காக இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும், புதுப் பிளக் போட்டும் பயனில்லை என்றார். மழைக்காகத் தைத்த ரெக்சின் உறை டேங்க் மூடியை இறுகப் பிடித்திருந்தது. உறையில் ஒரு துளை வெட்டியதும் குறை தீர்ந்தது.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலை உடனே கொட்டிவிடாமல் பத்து நிமிடம் அசையாமல் வைக்கவும். அடியில் முத்து முத்தாகவோ, தனி அடுக்காகவோ ஏதேனும் நின்றால் டேங்கில் தண்ணீர் இறங்கியுள்ளது என்று அறியலாம். பழுப்பு நிறத் தூள் படிந்தால் அது துரு. வண்டி நன்றாக ஓடி, ரிசர்வுக்குத் திருப்பியவுடன் திணறத் தொடங்கினால் இச்சோதனையை அவசியம் செய்ய வேண்டும். டேங்கின் அடியில் தங்கிய நீரும் துருவும் ரிசர்வில்தான் கார்புரேட்டருக்கு இறங்குகின்றன.

தீப்பொறிச் சோதனை

பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் மேல் சிந்திய பெட்ரோலைத் துடைத்துக் காயவிட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். கழற்றிய பிளக்கை அதன் மூடியோடு இணைத்து, பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினின் உலோகத்தைத் தொடும்படி வைத்து, காய்ந்த துணியால் பிடித்துக்கொண்டு, சாவியைப் போட்டுக் கிக்கரை உதைக்கவும். பிளக் துளைக்கு அருகில் இச்சோதனையைச் செய்யக் கூடாது. துளையிலிருந்து வெளிவரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீல நிறத்தில் "சட்சட்" என்ற ஓசையோடு பொறி வந்தால் குறையில்லை. மெலிந்து சிவந்த பொறி வந்தாலோ, வராவிட்டாலோ முதலில் வேறு நல்ல பிளக்கை மாற்றிப் பார்க்கவும். பிறகு பிளக் மூடியைத் திருகிக் கழற்றி, ஒயரின் நுனியில் பச்சை பூத்திருந்தால் அரை செ.மீ. நறுக்கிவிட்டு மீண்டும் திருகவும். அதன் பின்னும் பொறி இல்லையெனில் காயில், சி.டி.ஐ., ஒயர் இணைப்பு ஆகியவற்றில் குறை இருக்கலாம். சில வண்டிகளில் பேட்டரி தீர்ந்தாலும் பொறி வராது. சூடானதும் நின்று ஆறியதும் கிளம்பும் வண்டியில், டேங்க் மூடியைத் திறந்தும் பயனில்லையென்றால், நின்ற இடத்திலேயே சூட்டோடு பொறியைச் சோதிக்க வேண்டும். அப்போது பொறி இல்லையெனில் காயிலையோ சி.டி.ஐ.யையோ சந்தேகிக்கலாம்.

பிளக்கின் இடைவெளி பெரும்பாலான 100 சி.சி. வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. வரை இருக்கும். வண்டியுடன் தந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ள வேண்டும். பிளக்கைத் திரும்பப் போடும்போது கையாலேயே இறுதி வரை திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் இறுக்கவும். எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. கோணலாகத் திருகி மரை போய்விட்டால், சிறு வேலை பெருஞ்செலவில் முடியும்.

பிளக்கின் நிறம் கூறும் செய்தி

இலையின் நிறத்தைக் கொண்டு பயிரின் சத்துக் குறையை அறிவது போல, பிளக் நுனியின் நிறத்தைக் கொண்டு எஞ்சினின் உள்நிலையை அறியலாம். நாலைந்து கிலோமீட்டர் வழக்கமான வேகத்தில் ஓட்டி, உடனே நிறுத்தி, ஆறிய பின் கழற்றிப் பார்க்க வேண்டும். வெறுமனே நின்றபடி ஓடவிட்டுப் பார்த்தால் நிறம் பொய் சொல்லும்.

வெளிர் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். நுனி முழுவதும் காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. பெரும்பாலும் அடைபட்ட ஏர் பில்ட்டர், முழுமையாகத் திரும்பாத சோக் ஆகிய இரண்டில் ஒன்றுதான் காரணம், கார்புரேட்டர் அன்று. எண்ணெய்ப் பசையோடு கருத்திருந்தால் எஞ்சின் ஆயில் மேலே ஏறி எரிகிறது; சைலன்சரில் நீலப் புகையும் காணப்படும். நுனி சுண்ணாம்பு போல் வெளுத்து, கொப்புளம் கண்டிருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். கருத்த பிளக் பணத்தைத் தின்னும். வெளுத்த பிளக் எஞ்சினையே தின்னும். வெளுத்த பிளக்குடன் பாரம் ஏற்றி ஓட்டினால் பிஸ்டன் இறுகிப் போக வாய்ப்புண்டு. ஆகவே அவ்வண்டியைக் காரணம் அறியும் வரை வேகமாக ஓட்டலாகாது.

ஏர் பில்ட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியுள்ளது. நெல் தூற்றும் களத்திலும் மண் சாலையிலும் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன காலக்கெடு பொருந்தாது. அதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஸ்பஞ்சு வகையைச் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சில சொட்டு எஞ்சின் ஆயில் தடவிப் பிழிந்து பொருத்தலாம். காகித வகையைக் கழுவக் கூடாது. மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்க்கலாம், கருத்துப் போனால் மாற்ற வேண்டும். வண்டி நன்றாக இழுக்கிறது என்று பில்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவோர் உண்டு. வயல் புழுதியில் உள்ள மணல், சிலிண்டர் இரும்பை விடக் கடினமானது. அது உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கை அரம் போல் அராவிவிடும். எலிகள் பில்ட்டர் பெட்டிக்குள் வைக்கோலை இழுத்துவந்து அடைப்பதும் உண்டு. சில நாள் ஓட்டாத வண்டியில் அதையும் பார்த்துவிடவும்.

கார்புரேட்டரைச் சந்தேகிக்க வேண்டியது எப்போது?

பெட்ரோல் சீராக வருகிறது, பொறி நன்றாக உள்ளது, பில்ட்டர் தூய்மையாக உள்ளது. இருந்தும் குறை தொடர்ந்தால் கார்புரேட்டரைச் சந்தேகிக்கலாம். ஆக்சிலரேட்டரின் எந்த நிலையில் வண்டி திணறுகிறது என்பதைக் கவனித்தால் உள்ளே எந்தப் பகுதி குற்றவாளி என்பது தெரியும்.

முறுக்கினால் ஓடுகிறது, கையை விட்டால் அணைந்துவிடுகிறது என்றால் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு இருக்கும். மெதுவாகச் செல்லும்போது நன்றாக இருந்து, முழுதும் முறுக்கும்போது மூச்சுத் திணறி மிஸ்ஸிங் அடித்தால் மெயின் ஜெட்டையும், பெட்ரோல் வரத்தையும் பார்க்க வேண்டும். இடைப்பட்ட நிலையில் மட்டும் குறை இருப்பின் ஊசியும் அதன் கிளிப்பும் காரணமாகலாம். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பில் விரிசல் விட்டால் அவ்வழியாகக் காற்று நுழைந்து, கையை விட்டதும் எஞ்சின் தாறுமாறாக ஏறி இறங்கும். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பின் மீது சோப்பு நீரைச் சிறிது தெளித்துப் பார்க்கவும். ஓசை மாறினால் விரிசல் அங்கேதான். இதே சோதனையைப் பெட்ரோல் தெளித்துச் செய்வோரும் உள்ளனர். சூடான எஞ்சின் மேல் அது தீயில் முடியும்.

கார்புரேட்டரின் சிறு குழாய் வழியே பெட்ரோல் ஒழுகினால் மிதவையோ அதன் ஊசியோ சரியாக மூடவில்லை. மேல்நிலைத் தொட்டியில் மிதவை பழுதானால் தண்ணீர் வழிவதைப் போன்றதே இது. முதலில் கார்புரேட்டர் கிண்ணத்தைத் திருப்புளியின் பிடியால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டவும்; ஊசியில் சிக்கிய தூசி விலகிச் சில சமயம் ஒழுக்கு நின்றுவிடும். நிற்காவிட்டால் இரவில் டேப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. ஒழுகிய பெட்ரோல் வெளியே மட்டும் போவதில்லை. எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். ஆயில் அளவுகோலை எடுத்து மோந்து பார்க்கவும். அளவு கூடிப் பெட்ரோல் வாசனை வீசினால், ஆயிலை மாற்றாமல் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டக் கூடாது.

கழற்றித் துப்புரவு செய்யும் முறை

இவ்வேலையைத் திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், எஞ்சின் முற்றிலும் ஆறிய பின் செய்ய வேண்டும். மாட்டுக் கொட்டில், வைக்கோற்போர், சமையலறை ஆகியவற்றின் அருகில் கூடாது. பீடி, சிகரெட்டு அண்டக் கூடாது.

டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்திப் பெட்ரோலைப் பாட்டிலில் பிடிக்கவும். அதில் நீரும் துருவும் தென்பட்டால் டேங்கையும் கழுவ வேண்டும். இல்லையேல் இன்று செய்யும் துப்புரவு ஒரு வாரம் கூட நிற்காது. பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்துக் கிண்ணத்தின் திருகுகளைக் கழற்றவும். மிதவையைத் தாங்கும் மெல்லிய ஆணியை மெதுவாகத் தள்ளி எடுத்தால் மிதவையும் ஊசியும் வெளிவரும். ஊசியின் கூம்பு முனையில் வளையம் போல் தேய்மானம் தெரிந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கவும். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை.

அடுத்து மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் ஆகிய பித்தளைத் திருகுகளைத் தக்க அகலமுள்ள திருப்புளியால் கழற்றி, வானத்தை நோக்கிப் பிடித்துத் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவும். நீண்ட நாள் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, வார்னிஷ் போன்ற பிசின் துளையை அடைத்திருக்கும். சொட்டு நீர்ப் பாசனம் அமைத்துள்ள உழவர்களுக்கு இது புதிதன்று. சொட்டுவானின் துளையில் உப்பு அடைத்தால் கம்பியால் குத்தாமல் அமிலக் கரைசல் விட்டு அல்லவா சரி செய்கிறோம்? ஜெட்டுக்கும் அதே மரியாதை தேவை. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. 0.40 மி.மீ. துளையை ஊசியோ எஃகுக் கம்பியோ விட்டுக் குடைந்து 0.45 மி.மீ. ஆக்கிவிட்டால், அதன் பரப்பு கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். அதன் பின் அந்த வண்டியில் எத்தனை முறை டியூனிங் செய்தாலும் மைலேஜ் திரும்பாது. ஜெட்டைச் சிறிது பெட்ரோலில் அரை மணி நேரம் ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் இரு பக்கமும் காற்று அடித்தால் போதும். பிடிவாதமான அடைப்புக்கு நைலான் தூண்டில் நரம்பைப் பயன்படுத்தலாம். கார்புரேட்டர் உடலில் உள்ள சிறு துளைகளுக்கும் பம்பினால் காற்று அடிக்க வேண்டும். தின்னர் போன்ற திரவங்களில் ரப்பர் வாஷர்களைப் போடக் கூடாது. அவை ஊதிப்போய்த் திரும்பப் பொருந்தா.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள சிறு டியூனிங் திருகைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே இறுதி வரை திருகி, எத்தனை சுற்று வந்தது என்று எண்ணித் தாளில் குறித்துக்கொள்ளவும். திரும்பப் பூட்டும்போது அதே சுற்றுகள் வெளியே திருகினால் போதும். எண்ண மறந்தவர்கள் ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம்.

எல்லாம் பூட்டிய பின் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, இத்திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் அதிக வேகத்தில் சீராகச் சுழலும் இடத்தைக் காண வேண்டும். பிறகு ஐடிலிங் திருகால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இத்திருகு கார்புரேட்டரின் ஏர் பில்ட்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது; உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் கலவையைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருகினால்தான் பெட்ரோல் கூடும். இந்த வேறுபாடு தெரியாமல் பக்கத்து வீட்டு வண்டிக்குச் செய்ததை நம் வண்டிக்கும் செய்வது தவறு.

எத்தனால் கலந்த பெட்ரோல்

பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவீதத்தையும், 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. கரும்பும், மக்காச்சோளமும், அரிசியும் இந்த எத்தனாலாகின்றன என்பதால் உழவர்களுக்கு இதில் பங்குண்டு. எனினும் பழைய வண்டிகளில் சிறிது கவனம் வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. நீர் மிகுந்தால் அது பெட்ரோலை விட்டுப் பிரிந்து நீரோடு சேர்ந்து அடியில் தங்கும். பழைய ரப்பர் டியூப், வாஷர் ஆகியவற்றையும் அது விரைவில் கெடுக்கும். மேலும், எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அமைப்பில் கலவை சற்று மெலியும். பிளக் முன்பை விட வெளுத்துக் காணலாம். ஒரு மாதத்திற்கு மேல் ஓட்டாமல் நிறுத்துவதாயின் டேப்பை மூடி, கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடவும்.

இது விசைத் தெளிப்பானுக்கும் களை வெட்டும் கருவிக்கும் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவை ஆண்டில் பல மாதங்கள் மூலையில் கிடக்கின்றன. தெளிப்புப் பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு வைத்தால், அடுத்த பருவத்தில் பூச்சி வந்த பிறகு கார்புரேட்டரோடு மல்லாட வேண்டியதில்லை.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

பிளக்கைக் கழற்றி, சாவியை அணைத்து, துளையைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு மற்றொருவரைக் கிக்கரை உதைக்கச் சொல்லவும். விரலை "புஸ்" என்று பலமாகத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் அமுக்கம் இல்லை. துளையில் அரைத் தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் சோதிக்கையில் அமுக்கம் கூடினால் ரிங் தேய்ந்துள்ளது. கூடாவிட்டால் வால்வில் குறை இருக்கலாம். இரண்டும் வீட்டில் செய்யும் வேலையல்ல. எஞ்சினுக்குள் இரும்பு அடிப்பது போன்ற ஓசை, தொடர்ந்த நீலப் புகை ஆகியவையும் அவ்வாறே. 2020க்குப் பின் வந்த பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பம்பின் அழுத்தத்தில் இன்ஜெக்டர் பீச்சுகிறது. அவற்றில் பிளக், பில்ட்டர், பேட்டரி ஆகியவற்றை மட்டும் பார்க்கலாம். எரிபொருள் குழாயைக் கழற்றக் கூடாது.

மெக்கானிக்கிடம் செல்லும்போது கழற்றிய பிளக்கைத் துடைக்காமல் ஒரு தாளில் சுற்றி எடுத்துச் செல்லவும். வண்டி சூட்டில் நின்றதா குளிரில் நின்றதா, முழு முறுக்கில் திணறியதா கையை விட்டபோது அணைந்ததா, ரிசர்வில் ஓடியதா என்பவற்றையும், டியூனிங் திருகின் சுற்று எண்ணிக்கையையும் அதே தாளில் எழுதிக்கொள்ளவும்.